தற்புகழ்ச்சியும் சூட்டுக்குறியும்

எத்துணைப் பெரிய நூலை இயற்றியிருப்பினும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளல் தகாது என்பது நன்னூற் பாயிரம் வகுத்த விதி. அவ்விதியை மனனஞ் செய்வித்துவிட்டு அடுத்த சூத்திரத்தை வேகமாகக் கடந்துவிடுவது நம் வகுப்பறை வழக்கம். சுவை அந்த அடுத்த சூத்திரத்திலேதான் இருக்கிறது. அரசவைக்கு ஓலை விடுக்குங்கால், தன் ஆற்றலை உணராதார் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதில், மாற்றான் தன்னைப் பழித்த வேளையில் ஆகிய நான்கிடத்தும் புலவன் தன்னைப் புகழலாம் என்று இலக்கணமே வாயிலைத் திறந்துவைக்கிறது. இவை எத்தகைய இடங்கள் என்று நோக்குவோம். புலவனுக்கு எதிரே இருப்பது அதிகாரம், அல்லது அறியாமை, அல்லது பகை. ஆங்கு அவன் கைக்கு எட்டிய ஒரே ஆயுதம் அவன் நாவுதான்.

1919இல் பாரதி எட்டயபுரம் ஜமீன்தாருக்கு விடுத்த சீட்டுக்கவிகளை இச்சூத்திரத்தின் ஒளியிற் படிக்கவேண்டும். தமிழுக்குப் பெருங்கவிஞன் இல்லையென்ற குறை தம்மாலே தீர்ந்தது என்று அவர் கூசாமல் எழுதினார். இதனை ஆணவம் என்று முகஞ்சுளிப்பார் இன்றும் உளர். புதுவை வாழ்வு முடிந்து, சிறைவாசமும் கண்டு, கடையத்தில் வறுமையோடு வாழ்ந்த ஒரு மனிதர் பொருள் உடையான் ஒருவனுக்கு எழுதிய ஓலை அது. அந்த ஓலை அவர் வறுமையைத் தீர்க்கவில்லை. மறு ஆண்டிலே தம் எழுத்துக்களை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 படி வீதம் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டு அறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் செல்லும் என்பது அவர் நம்பிக்கை. 1921இல் மறைந்தார், திட்டம் கனவாயிற்று. ஜமீன்தாரை விட்டு மக்களை நோக்கித் திரும்பிய அந்த ஓராண்டு நம் இலக்கிய வரலாற்றிலே ஒரு பெரிய திருப்பம் என்பது என் கருத்து. இரண்டு முயற்சியிலும் அவர் விலைகூறியது தம் கவிதையை.

இன்று நம் மாணவருக்குப் போதிக்கப்படுவது வேறு சங்கதி. 1997இல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்னும் வணிக இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவனும் தன்னை ஒரு கம்பெனியாகவும் தன் பெயரை ஒரு ‘பிராண்ட்’ ஆகவும் கருதி நடத்தவேண்டும் என்பது அதன் சாரம். வேலை நிரந்தரமன்று என்று முதலாளி அறிவித்துவிட்ட காலத்திலே, அந்த அநீதியைத் தொழிலாளியின் திறமைக் குறைவாக மாற்றிக் காட்டும் தத்துவம் இது. 1951இலேயே சி. ரைட் மில்ஸ் என்ற சமூகவியலாளர், கடைப்பெண்ணின் புன்னகைகூட விற்பனைச் சரக்காகிவிட்ட ‘ஆளுமைச் சந்தை’ பற்றி எழுதியிருந்தார். அவர் நோயென்று கண்டதைப் பீட்டர்ஸ் மருந்தென்று விற்றார்.

‘பிராண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் சூட்டுக்கோலால் இடும் குறி. மட்டக்களப்பு வயற்புறங்களில் மாட்டுக்குக் குறிசுடுவதை அறியாதார் இலர். குறி, மாட்டின் குணத்தையோ பாலின் தரத்தையோ சொல்வதில்லை; உடையவன் யார் என்பதை மட்டுமே சொல்கிறது. தன் கையாலே தன் தோலிற் குறிசுட்டுக்கொள்ளும் இளைஞனுக்கும் உடையவன் ஒருவன் எங்கோ இருக்கிறான்.

இலக்கிய உலகும் இந்நோய்க்குத் தப்பவில்லை. முதற்றொகுதி அச்சேறுமுன்னரே அடைமொழி சூட்டிக்கொள்ளும் கவிஞரையும், நூலைப் படியாமலே வெளியீட்டு மேடையிற் பொன்னாடை போர்த்தும் பிரமுகரையும், அன்று மாலையே முகநூலில் ஏறும் படங்களையும் நாம் அறிவோம். கவிதை எவ்வாறு இருக்கிறது என்று கேட்பவன் பொறாமைக்காரன் ஆகிவிடுகிறான்.

இவர்களுக்கு விபுலாநந்த அடிகளை எடுத்துக்காட்டுவது நம்மூர்ப் பேச்சாளர் மரபு. மயில்வாகனன் என்ற பெயரோடு மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பட்டமும் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர், 1924இல் அந்தப் பெயரையே துறந்தார். 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அடுத்த மாதமே மறைந்தார். பெருமைதான். ஆயினும் துறவியைக் காட்டி, வீட்டில் நான்கு வயிறுகளுக்குப் பொறுப்பான பட்டதாரிப் பெண்ணை அடக்கத்திற்கு அழைப்பது நேர்மையாகாது. அவள் வேலைக்கு எழுதும் விண்ணப்பம் நன்னூல் அனுமதித்த ஓலைத்தூக்கே. அதில் அவள் தன் ஆற்றலை உரக்கவே சொல்லட்டும்.

2017இல் இங்குக் காந்திப் பூங்காவிலே வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். பீட்டர்ஸின் கணக்கில் அவர்கள் ஒருவரோடொருவர் மோதவேண்டிய தனித்தனிக் கம்பெனிகள். கூடாரத்தின் கீழோ அனைவருக்கும் ஒரே பெயர், ‘வேலையற்ற பட்டதாரிகள்’. எவரும் தம் முகத்தை மற்றவர் முகத்தினும் பெரிதாக்கிக் காட்டவேண்டியிருக்கவில்லை. கோரிக்கை ஒன்றாதலால் பெயரும் ஒன்றாயிற்று. இதனைத் தன்முன்னேற்ற வகுப்பு எதுவும் பாடமாக வைப்பதில்லை.

நம் பக்கத்துக் குற்றமும் ஒன்றுண்டு. சிறப்புப் பாயிரம் உரைத்தற்கு உரியாருள் முதலில் வைக்கப்பட்டவன் நூல் செய்தவனின் ஆசிரியன். அடுத்தவன் உடன் கற்றோன். அதாவது, ஒருவனின் தகுதியைச் சொல்லும் கடமை அவனை அறிந்த பிறருக்கு உரியது. நாம் எழுதும் நற்சான்றிதழ்களைப் பாருங்கள்: ‘நல்லொழுக்கம் உடையவர், கீழ்ப்படிவுள்ளவர், எவ்வேலைக்கும் பொருத்தமானவர்.’ முந்நூறு மாணவருக்கும் இதே மூன்று தொடர்கள். சென்ற மாதம் ஒரு மாணவி இத்தகைய தாளொன்றை என் மேசைமேல் வைத்து, “சேர், இதில என்னைப் பற்றி ஒண்டும் இல்லையே” என்றாள். கீழே இருந்த கையொப்பம் என்னுடையது. அதனைக் கிழித்துவிட்டுப் புதிய தாள் எடுத்தேன். ஐந்தாண்டு எம்மிடம் பயின்றவளைப் பற்றி முதல் வாக்கியத்தை எழுதுவதற்கு, அவளிடமே சில கேள்விகள் கேட்கவேண்டியிருந்தது.