வேம் மணிச்சத்தைக் கரைக்கிறதா?

உயிர் உரம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படிக்கிறேன். பலவற்றில் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வருகிறது: மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை வேம் கரைத்துப் பயிருக்குக் கொடுக்கும். பாக்கெட்டிலும் அதையேதான் போடுறாங்க. என் பிரச்சினை இந்தக் "கரைத்து" என்ற சொல்லோடுதான்.

கரைக்கிற வேலையைச் செய்பவை பாஸ்போபாக்டீரியாவும், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகளும். இவை கரிம அமிலங்களைச் சுரந்து, சுண்ணாம்போடும் இரும்போடும் பிணைந்திருக்கும் பாஸ்பேட்டை விடுவிக்கும். வேம் (வேர் உட்பூசணம்) முக்கியமாகச் செய்வது வேறு. பாஸ்பேட் மண்ணில் அநேகமாக நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சியதும் அந்த இடம் காலியாகிவிடும். வேமின் இழைகள் அதைத் தாண்டிப் போய், ஏற்கெனவே கரைந்திருப்பதை எடுத்து வரும். கரைப்பவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. இரண்டையும் ஒன்றாக எழுதுவதால் மூன்று தவறான யோசனைகள் வருகின்றன.

முதலாவது, வெல்லத் தண்ணீரில் பெருக்குவது. பாக்டீரியா அதில் பெருகும். வேம் பெருகாது, உயிருள்ள வேர் இல்லாமல் அதனால் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க முடியாது. அதனால்தான் அதை மக்காச்சோளம் மாதிரியான செடியின் வேரில் வளர்த்து எடுக்கிறார்கள்.

இரண்டாவது, டிஏபியையும் வேமையும் ஒன்றாகத் தாராளமாகப் போடுவது. மணிச்சத்துப் பற்றாக்குறை வந்தால்தான் செடி ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை அதிகம் சுரக்கும். அது இந்தப் பூஞ்சையின் இழைகளைக் கிளைக்க வைக்கிறது என்று 2005இல் ஜப்பானில் அகியாமா குழு காட்டியது. டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து. வயிறு நிறைந்த செடி எதற்குக் கூப்பிடப் போகிறது?

மூன்றாவதுதான் நம்ம ஏரியாவுக்கு முக்கியம். பூந்தமல்லி, ஆவடி பக்கம் மிச்சமிருக்கும் நிலத்திலும், அம்பத்தூர் மொட்டை மாடிகளிலும் அதிகம் வளர்வது கீரை. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக் எல்லாம் அமராந்தேசியே குடும்பம். இந்தக் குடும்பம் பொதுவாக வேமோடு கூட்டு வைப்பதில்லை. முள்ளங்கி, கோஸ், காலிஃபிளவர், கடுகும் அப்படித்தான். கீரைக் கட்டு விற்றுப் பிழைப்பவர் அந்தப் பாத்திக்கு வேம் வாங்கினால் காசு மண்ணோடு போகும். ஆனால் வெந்தயக்கீரை, மணத்தக்காளி, புளிச்சக்கீரை கூட்டு வைக்கும். "எல்லாப் பயிருக்கும் ஏற்றது" என்று எழுதுபவர்கள் இந்தப் பிரிவைச் சொல்வதே இல்லை.

பாக்கெட்டில் இருக்கும் எண்களும் குழப்பும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவப் பாஸ்போபாக்டீரியாவில் கிராமுக்கு 5 கோடி செல்கள் வேண்டும். வேமுக்குக் கிராமுக்கு 100 முளைக்கும் அலகுகள் போதும். ஐந்து கோடியோடு ஒப்பிட்டு நூறை மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒன்று தனித்தனி செல்களின் கணக்கு; மற்றது வித்து, இழைத் துண்டு, பூஞ்சை புகுந்த வேர்த்துண்டு ஆகியவற்றின் கணக்கு. இரண்டுக்கும் அலகே வேறு.

வேம் வேண்டாம்னு நான் சொல்லவில்லை. மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றங்காலிலும், வெங்காயத்திலும், பழக்கன்றுகளிலும் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. மேலே தூவாமல், வேர் வந்து தொடும்படி விதைக்குக் கீழே இட்டால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். வேம் பற்றி எழுதுபவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: எந்தப் பயிருக்கு ஆகாது, எந்த மண்ணுக்குத் தேவையில்லை என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். பாக்கெட்டை விற்பவர் அந்த இரண்டு வரியை எழுதப் போவதில்லை.