புரோட்டானின் தற்சுழற்சி: அளந்தது எது, கணித்தது எது?

புரோட்டானின் தற்சுழற்சியில் ஏறத்தாழ 60 விழுக்காடு குவார்க்குகளுடையது என்றுதான் இயற்பியலாளர்கள் எதிர்பார்த்தார்கள். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் ஐரோப்பிய மியூவான் குழு 1988-இல் வெளியிட்ட முடிவோ, அந்தப் பங்கு பூஜ்யமாகக்கூட இருக்கலாம் என்றது. அந்த முடிவைத் தந்த அளவை முறையே பின்வந்த சோதனைகளுக்கும் அடிப்படை. அதை எவ்வளவு நம்பலாம்?

மியூவான் கற்றையின் சுழற்சியும் இலக்குப் புரோட்டான்களின் சுழற்சியும் ஒரே திசையில் இருக்கும்போது எத்தனை சிதறல்கள், எதிரெதிராக இருக்கும்போது எத்தனை என்று எண்ணுகிறார்கள். வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் சமச்சீரின்மை கிடைக்கிறது. அது விகிதம் என்பதே முறையின் பலம். கருவி தவறவிடும் துகள்கள் இரு எண்ணிக்கையையும் ஒரே வீதத்தில் குறைப்பதால், அந்தப் பிழை வகுத்தலில் நீங்கிவிடுகிறது. கருவியின் திறன் காலப்போக்கில் மாறும் சிக்கலுக்கும் விடை கண்டார்கள்: எதிரெதிர்ச் சுழற்சி கொண்ட இரு இலக்குகளை வரிசையாக வைத்து, ஒரே கற்றையை இரண்டின் ஊடாகவும் செலுத்தினார்கள்.

இலக்குதான் முதல் குறை. இலக்காக வைத்த அம்மோனியாவின் ஒவ்வொரு மூலக்கூறிலும் உள்ள 17 அணுக்கருத் துகள்களில், வேண்டிய சுழற்சியைத் தருபவை மூன்று ஹைட்ரஜன் புரோட்டான்களே. மற்றவை எண்ணிக்கையைப் பெருக்கி விளைவை நீர்க்கச் செய்கின்றன. ஹாம்பர்க்கில் நடந்த ஹெர்மிஸ் சோதனை ஹைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்தி இதைத் தவிர்த்தது. ஆனால் வாயு அடர்த்தி குறைந்தது.

இரண்டாவது குறை ஆழமானது. புரோட்டானின் உந்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுமக்கும் குவார்க்குகளை 1988-இன் சோதனை எட்டவில்லை. மொத்தப் பங்கைச் சொல்ல, எட்டாத பகுதியைக் கணிப்பால் நிரப்ப வேண்டியிருந்தது. ஹைப்பரான் துகள்களின் பீட்டாச் சிதைவிலிருந்து பெற்ற எண்களையும், அவற்றுக்குப் பின்னுள்ள சமச்சீர் அனுமானத்தையும் சேர்த்தாக வேண்டும். குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்களின் பங்கையோ இம்முறை நேரடியாகக் காட்டுவதில்லை; அதற்கு அமெரிக்காவின் புரூக்ஹேவனில் சுழற்சி சீராக்கிய புரோட்டான்களை ஒன்றோடொன்று மோதவிட வேண்டியிருந்தது.

பிந்தைய சோதனைகளின் சமச்சீரின்மைத் தரவு முதல் அளவீட்டோடு பொருந்தியது. பங்கின் மதிப்பு மட்டும், கூடிய துல்லியத்தாலும் கோட்பாட்டுத் திருத்தங்களாலும், ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு வந்து நின்றது. ஆகவே சமச்சீரின்மையை அளவீடாக ஏற்கலாம். விழுக்காட்டையோ, எந்த உந்த எல்லைவரை அளந்தார்கள், எதைக் கணித்துச் சேர்த்தார்கள் என்ற விவரமின்றி ஏற்கக் கூடாது.