ஒலெட் திரையிற் காணும் நுண்மணற்றோற்றம் குற்றமா?

ஒலெட் திரை பொருந்திய தட்டைக் கணினிகள் சிலவற்றை இருண்ட அறையில், ஒளியைத் தாழ்த்திச் சாம்பல் நிறப் பக்கமொன்றில் வைத்து நோக்கின், நுண்மணல் தூவினாற் போன்றதொரு தோற்றம் புலப்படும். அப்பிள் நிறுவனம் 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட ஐபாட் புரோவிலும் வாங்கினோர் சிலர் இதனை எடுத்துக்காட்டினர். குற்றமென்பார் ஒரு சாரார். இயல்பென்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் ஆராய்தல் ஈண்டு நம் கருத்து.

முதற்கண் காரணம் அறிதல் வேண்டும். திரவப் பளிங்குத் திரையில் ஒளி பின்னிருந்து பரந்து வரும். புள்ளிகள் அதனைத் தடுத்தும் விடுத்தும் நிற்பன. கொடாக் நிறுவனத்து ஆய்வாளரான சிங் தாங், ஸ்ரீவன் வான் சிலைக் என்போர் 1987 இல் வெளியிட்ட ஆய்வின் வழிவந்த ஒலெட் திரையிலோ, சேதனப் பொருளாலான ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிகாலும். அதற்கு வேண்டும் மின்னோட்டத்தை அளந்து விடுவன மென்படலத் திரான்சிற்றர்கள். மேற்கூறிய கணினியின் 13 அங்குலத் திரையில் மாத்திரம் ஏறக்குறைய 57 இலட்சம் புள்ளிகள் உள. அவற்றை இயக்கும் திரான்சிற்றர்கள் யாவும் முற்றும் ஒரு தன்மையவாதல் அரிது. மின்னோட்டம் மிக்கவழி அவ்வேறுபாடு மறையும்; குறைந்தவழி வெளிப்படும். தொழிற்சாலையில் அளந்து திருத்தினும் சிறிது எஞ்சும்.

எனவே இயல்பென்பார் காரணத்தைச் சரியாகவே கூறினர். ஆயின் காரணங் கூறுதல் குற்றம் நீக்குதலாகாது. எல்லாவற்றிலும் உள்ளது, ஆதலிற் குற்றமன்று என்பது ஏதுப்போலி. ஊர்க் கிணறுகள் யாவும் உவராயின் உவர்நீர் நன்னீராகுமா? மறுபுறம், உருப்பெருக்கி கொண்டு தேடிக் கண்டன யாவும் குற்றமெனின், குற்றமற்ற பொருள் உலகில் இல்லையாய் முடியும்.

பொருளின் பயனே இங்கு அளவுகோல் என்க. வழக்கமான தூரத்தில், வாசித்தற்கேற்ற ஒளியில், எழுத்தையும் படத்தையும் கெடுக்காது திரை முழுவதும் சீராய்ப் பரந்த நுண்மணல் குறைபாடேயன்றிக் குற்றமன்று. மாற்றிப் பெறினும் அத்தகையதே கைவரும். பட்டையாகவோ, திட்டாகவோ, ஒருபுறம் நிறந்திரிந்தோ கண்ணை உறுத்துவது குற்றமே. அதனை மாற்றித் தரக் கேட்டல் வாங்கினோர் உரிமை.

இரவில் விளக்கணைத்து வாசிப்போர்க்கு மங்கிய ஒளியே வழக்கமான ஒளி. அவர்க்கு முன்னையதும் இடையூறாகலாம். ஆதலின் இவ்வியல்பை விற்குமுன்னரே உரைத்தல் விற்போர் கடன். விற்குமுன் மறைத்து, விற்றபின் இயல்பென்று உரைப்பின், குற்றம் திரையினதன்று, விற்றாரது.