திண்ணையில் ஒரு கிதார்

ராக் இசை வரலாற்றை எழுதியவர்கள் சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பை மறந்துவிட்டார்கள் என்பார்கள். மறதி என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை பாருங்கள். நடந்தது மறதி அல்ல, பகுப்பு.

அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986இல் முதன்முதலாகக் கௌரவித்த கலைஞர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அதில் லிட்டில் ரிச்சர்டும் உண்டு. 1947இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், கச்சேரிக்கு முன் இந்தப் பையன் பாடுவதைக் கேட்டு, மேடையேற்றி, கையில் காசும் கொடுத்தனுப்பியவர் தார்ப். பையன் 1986இலேயே உள்ளே போயிட்டார். ஏற்றிவிட்டவருக்கு 2018 வரை ஆயிற்று. அதுவும் 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற தனிப்பிரிவில். கூடத்தில் இல்லை, திண்ணையில்.

'தாக்கம்' என்பதைப் பாராட்டாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஒருவரைத் தாக்கம் என்று குறித்த கணமே அவருடைய இசை இன்னொருவருக்கான கச்சாப்பொருளாகிவிடுகிறது. ராபர்ட் ஜான்சனும் இதே பிரிவில்தானே வந்தார் என்று கேட்கலாம். வந்தார், 1986இலேயே. ஆனால் அவர் செத்தது 1938இல். 'ஆரம்பம்' என்பது அவருக்குக் காலக்கணக்கு. தார்ப் டெக்கா கம்பெனிக்கு ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியதே அந்த வருஷம்தான்.

1964 மே மாதம் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில் கிரானடா தொலைக்காட்சி எடுத்த படம் இருக்கிறது. பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். மழை. ஒரு பிளாட்பாரத்தில் இளைஞர் கூட்டம், எதிர்ப் பிளாட்பாரத்தில் மேடை. குதிரை வண்டியிலிருந்து இறங்குகிற 49 வயசு அம்மா, கோட்டைக் கழற்றாமலே எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொள்கிறார். பாட்டு நிற்கிற இடத்தில் கிதார் பேச்சை எடுத்துக்கொள்கிறது. பிரசங்கி சொல்ல சபை பதில் சொல்லுமே, அந்த முறை. இரண்டு குரலும் அவர் ஒருவரிடமே இருக்கின்றன. இது யாருடைய நூலுக்கும் முன்னுரை இல்லை. பீட்டில்ஸ் காலத்தின் நடுவே ஒலிக்கிற சமகால இசை.

அந்த முறை வந்தது பெந்தெகொஸ்தே சபையிலிருந்து. தாய் ஊழியம் செய்த அதே சபை, 1938இல் மகள் காட்டன் கிளப்பில் பாடப்போனதும் முகம் சுளித்தது. கிளப்பிலோ 'ஆம்பள மாதிரி வாசிக்கிறா' என்று புகழ்ந்தார்கள். சபைக்கு அவர் பாவி, கிளப்புக்கு அதிசயம். கலைஞர் என்ற சாதாரண வார்த்தை இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை.

1973இல் பிலடெல்பியாவில் இறந்தார். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கல்லறையில் பெயர்க்கல்கூடக் கிடையாது. 2008இல் கச்சேரி நடத்திக் காசு சேர்த்த பிறகுதான் கல் வந்தது.