திருட்டுக் காக்கைக்கும் இரக்கம்

பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்தபோது, 1915இல் வெளிவந்தது ‘பாப்பா பாட்டு’. குழந்தைப் பாடல் என்றாலே படி, அடங்கு என்றுதான் ஆரம்பிக்கும். இவரோ முதலில் ஓடவும் விளையாடவும் சொல்கிறார், படிப்பு பிறகுதான்.

குருவி, கோழி, பசு, நாய், குதிரை, ஆடு என்று ஒரு முற்றமே வந்து நிற்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது காக்கை. ஏய்த்துத் திருடும் பறவை என்று தெரிந்தும் அதை விரட்டச் சொல்லவில்லை. அதற்காக இரங்கச் சொல்கிறார். பால் தரும் பசுவிடம் யாரும் அன்பு காட்டிவிடுவார்கள். திருடும் காக்கையிடம் காட்டுவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

துன்பம் வந்தால் சோராதே என்பதும் இதே பாட்டில் உண்டு. கொடுமை செய்பவரைக் கண்டு அஞ்சாமல், மிதித்து, முகத்தில் துப்பச் சொல்லும் ஆவேசமும் உண்டு. அது பிஞ்சு மனத்துக்கு ஆகாது என்பாரோடு நான் உடன்படமாட்டேன். பள்ளிக்கூடத்தின் மூலையில் மிரட்டப்படும் பிள்ளைக்கு வேறு யார் அந்தத் தைரியத்தைத் தருவார்கள்? ‘பாப்பா’ என்ற விளி திரும்பத் திரும்ப வருவதால், அந்தக் கடும் கட்டளையும் மடியில் வைத்துச் சொல்வதுபோல் கேட்கிறது. ஆறு வயதுப் பிள்ளையையும் மானமுள்ள ஆளாக மதிக்கிறது இந்தப் பாட்டு.