மேலெழும் மாடமும் கீழிருக்கும் சுவரும்

ஒரு நகரத்திலே பழைய கட்டடங்களின் தலைக்கு மேலாகப் புதிய அலுவலக மாடமொன்றை எழுப்புவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது எனக் கொள்க. அனுமதி பெற்றவர் சில காலம் கழித்துத் திரும்பவும் வருகிறார். தூண்களைச் சற்று நகர்த்த வேண்டும், முகப்பின் கண்ணாடியை மாற்ற வேண்டும், உச்சியில் இரண்டு மாடிகளைக் கூட்ட வேண்டும் என்கிறார். முன்னரே ஏற்றுக்கொள்ளப்பட்ட திட்டத்தின் சிறு திருத்தங்களே இவை என்பது அவரது வாதம். முதல் வரைபடம் பலரறிய விவாதிக்கப்படுகிறது. திருத்தங்களோ பெரும்பாலும் அலுவலக மேசையிலேயே முடிந்துவிடுகின்றன. பாரம்பரியக் கட்டடங்கள் பற்றிய சிந்தனையில் போதிய கவனம் பெறாத இடம் இதுவேயாகும்.

இத்தகைய திருத்தங்களை மதிப்பிடுவோர் வழக்கமாக ஒரு கேள்வியையே எழுப்புவர்: புதிய வரைபடம் பழைய வரைபடத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது? கேட்கப்படவேண்டிய கேள்வி அதுவன்று. புதிய வரைபடம் கீழேயிருக்கும் கட்டடத்தை என்ன செய்கிறது என்பதே கேள்வி. அளவுகோல் வரைபடமாக இருக்கும்வரை, ஒவ்வொரு திருத்தமும் அதற்கு முந்திய திருத்தத்தோடு ஒப்பிடப்பட்டுச் சிறியதாகவே தோன்றும். அளவுகோல் பழைய சுவராக மாறும்போதுதான் திருத்தங்களின் கூட்டுத்தொகை கண்ணுக்குப் புலப்படும்.

இதனை விளக்குவதற்கு நியூயோர்க் நகரின் கிராண்ட் சென்ரல் புகையிரத நிலையத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். 1913இல் திறக்கப்பட்ட அந்நிலையம், அந்நகரின் பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 1965இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் 1967இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அதே நகரின் பென்சில்வேனியா புகையிரத நிலையம் இடித்துத் தள்ளப்பட்டிருந்தது. அந்த இழப்பின் துயரமே சட்டத்துக்கு வித்திட்டது. ஆயினும் 1968இல் நிலையத்தின் உரிமையாளராகிய பென் சென்ரல் கம்பனி, அதன் கூரைக்கு மேலே அலுவலக மாடம் அமைக்க முனைந்தது. கட்டடக் கலைஞர் மார்சல் புரோயர் தந்த முதல் வரைபடத்தின்படி, 55 மாடிக் கோபுரம் பழைய முகப்பைத் தொடாமல் அதன் மேலே தாங்கி நிறுத்தப்படும். அது மறுக்கப்படக்கூடும் என்ற நிலையில் மாற்று வரைபடமொன்றும் முன்வைக்கப்பட்டது. அதில் கோபுரம் 53 மாடிகளாகக் குறைந்தது. ஆனால் முகப்பின் ஒரு பகுதி இடிபடவேண்டியிருந்தது.

இவ்விரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். முதலாவது கல்லைக் காத்துக் காட்சியைக் கொன்றது. இரண்டாவது கல்லையே கொன்றது. இரண்டு மாடிகள் குறைந்தன என்பதில் மெய்யான விட்டுக்கொடுப்பு எதுவும் இருக்கவில்லை. பொருத்தமற்ற பருமனைத் தூணின் இடத்தையோ சுவரின் வடிவத்தையோ மாற்றிப் பொருத்தமுடையதாக ஆக்கமுடியாது. நகரின் பாதுகாப்பு ஆணைக்குழு இரண்டையும் நிராகரித்தது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1978 யூன் 26ஆம் திகதி ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நகரத்துக்குச் சார்பாக முடிந்தது. நிலையத்தின் மேலே பயன்படுத்த இயலாத கட்டட உரிமையை அருகிலுள்ள வேறு காணிகளுக்கு மாற்றிக்கொள்ள உரிமையாளருக்கு வழியிருந்தது என்பதும் அத்தீர்ப்பிலே கருத்திற் கொள்ளப்பட்டது. பாதுகாப்பு என்பது வெறும் தடையன்று. வளர்ச்சிக்கு வேறிடம் காட்டுவதும் அதன் பணியே என்பது இதனாற் பெறப்படும் பாடமாகும்.

திருத்தம் எப்பொழுதும் தீமைக்கே வழிவகுக்கும் என்பதும் பொருந்தாது. ஜேர்மனியின் கொலோன் நகரப் பேராலயம், ஆற்றின் மறுகரையில் எழவிருந்த உயர்மாடங்கள் காரணமாக 2004இல் யுனெஸ்கோவின் ஆபத்துக்குள்ளான மரபுரிமைப் பட்டியலிலே சேர்க்கப்பட்டது. திட்டங்கள் மாற்றப்பட்டு உயரம் கட்டுப்படுத்தப்பட்டதன் பின்னர், 2006இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பழைய கட்டடத்தின் நலனை அளவுகோலாகக் கொண்ட திருத்தம் நன்மை பயக்கும் என்பதற்கு இது சான்று.

இலங்கையின் நிலையை இவ்வொளியில் நோக்குதல் பொருத்தமானது. நியூயோர்க் தீர்ப்பு வெளியான அதே 1978ஆம் ஆண்டிலேதான் இந்நாட்டிலும் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னர் கொழும்புக் கோட்டையின் தோற்றம் பெரிதும் மாறிற்று. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒல்லாந்தர் வைத்தியசாலையின் தாழ்ந்த ஓட்டுக் கூரைகளுக்குப் பின்னால் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் நிற்பதை எவரும் காணலாம். ட்ரான்ஸ்வேர்க்ஸ் இல்லம் என்னும் குடியேற்றக் காலக் கட்டடத்தை அண்டித் தொடங்கப்பட்ட பல்மாடிக் கோபுரமோ நிறைவுறாமலே நின்றுபோனது. 2025 பெப்ரவரியில் அந்த முடிவுறாத கோபுரத்திலே தீப்பற்றியபோதுதான் நாடு அதனை மீண்டும் நிமிர்ந்து பார்த்தது. திருத்தத்தை ஆராயும் சபைகள் பொதுவாக மறந்துவிடும் மற்றொரு கேள்வியை இக்கோபுரம் எழுப்புகிறது: மாடம் பாதியிலே நின்றால் பழைய கட்டடத்தின் கதி யாது? அனுமதி வழங்கும்போது உயரத்தை மட்டுமன்றி, முடிக்கும் வலுவையும் சோதித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்று எழக்கூடும். கொழும்பு முகப்புகள் பற்றிச் சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழ்வோர் ஏன் கவலைப்படவேண்டும்? லயத்துக் காம்பராவிலே மழை ஒழுகும்போது, கோட்டையின் தூண்களுக்காகக் கண்ணீர் விடுவது ஆடம்பரமன்றோ? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கோட்டையின் கட்டடங்கள் எதனால் எழுந்தன என்பதை ஆராய்வோர்க்கு விடை வேறாகத் தோன்றும். தோட்டங்களை நிர்வகித்த ஏஜன்சிக் கம்பனிகளின் காரியாலயங்களும் வங்கிகளும் கப்பற் கம்பனிகளும் கோட்டையிலேதான் இருந்தன. கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் வெட்டப்பட்ட இறப்பர்ப் பாலும், பறிக்கப்பட்ட கொழுந்தும் காசாக மாறிய இடம் அது. அத்தூண்களுக்குள்ளே இருப்பது தோட்டத் தொழிலாளரின் உழைப்பாகும். அவற்றை அழிப்பது அவ்வுழைப்பின் கணக்குப் புத்தகத்தை அழிப்பதற்கு ஒப்பானது.

எனினும் அக்கணக்கின் மறுபக்கமும் உண்டு. இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1940இல் இயற்றப்பட்டது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட நினைவுச் சின்னங்களை அது பண்டைய சின்னங்களாக ஏற்கிறது. பிற்பட்டவை தனித்தனியே அறிவிக்கப்படவேண்டும். அத்திகதி கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான ஒப்பந்தத்தின் திகதியாகும். தோட்டங்களின் வரலாறு முழுவதும் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. ஆகவே மலையகத் தமிழரின் கைபட்ட எந்தச் சுவரும் சட்டத்தின் கண்ணில் இயல்பாகவே தொன்மையுடையதன்று. கோட்டையின் முகப்புகளை அறிவிக்கச் செய்வதற்கு அறிஞர்களும் கட்டடக் கலைஞர்களும் உளர். துரையின் பங்களா ஓய்வு விடுதியாகிப் பிழைத்துக்கொள்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்களைக் கொண்ட லயத்துக்காகப் பேச யாருளர்?

லயங்களை அப்படியே காப்பாற்றி, மக்களை அவற்றுள் தொடர்ந்து குடியிருத்த வேண்டும் என்பது இதன் பொருளன்று. அவ்வாறு கூறுவது கொடுமையாகும். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க, புளத்கொஹுபிட்டிய பகுதிகளில் நிகழ்ந்த மண்சரிவுகள், மலைச்சரிவிலே குடியிருப்பதன் விலையை உணர்த்தின. மக்களுக்குப் பாதுகாப்பான காணியும் தனிவீடும் வேண்டும்; வரலாற்றுக்குச் சில லயங்கள் சான்றாக நிற்கவேண்டும். கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றிலே 2007இல் அமைக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல என்பதைக் காட்டுகிறது. சப்பிரகமுவவின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் அத்தகைய சான்று தேவை.

வரைபடத் திருத்தம் என்ற பொருளிலும் தோட்டங்கள் நகரத்துக்குக் கற்பிக்கக்கூடிய பாடமொன்று உண்டு. தோட்ட மக்களுக்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டபோது, அது லயத்தை நிமிர்த்தி வைப்பதேயன்றி வேறன்று எனப் பலர் எதிர்த்தனர். காணியுரிமையே அவர்களது அடிப்படைக் கோரிக்கை. 2015க்குப் பின்னர் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் செயற்படலாயிற்று. அதன் வேகமும் அளவும் போதாதவை என்பது உண்மையே. ஆயினும் அங்கே வரைபடத்தை மாற்றியது முதலீட்டாளரின் வசதியன்று, குடியிருக்கப் போகிறவர்களின் குரல் என்பது கவனிக்கத்தக்கது. நல்ல திருத்தத்துக்கும் தீய திருத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இதிலேயே அடங்கியுள்ளது.

ஆனால் அக்குரல் ஒலிப்பதற்கு ஒரு மன்றம் வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் தடை காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணி செய்ய இயலாதிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே அத்தடையை நீக்கியது. நகரத்தில் கோபுரத்தின் கண்ணாடி நிறத்துக்கு மூன்று தடவை மனுச்செய்ய முடிந்த காலத்தில், தோட்டத்தில் ஒரு பாதைக்கு மனுச்செய்யவும் வழியிருக்கவில்லை. இவ்வேற்றத்தாழ்வை மறந்து பாரம்பரியம் பேசுவது அரைகுறைப் பேச்சேயாகும்.

எனவே செய்யத்தக்கவை சில உள. அனுமதிக்குப் பிந்திய திருத்தங்கள் யாவும் முதல் வரைபடத்தைப் போலவே பகிரங்கமாக ஆராயப்படவேண்டும். அவை கீழேயுள்ள கட்டடத்தோடு ஒப்பிடப்படவேண்டும். 1815 என்னும் எல்லைக்கோடு மீளாய்வு செய்யப்பட்டு, உழைப்பின் சின்னங்களும் பட்டியலில் இடம்பெறவேண்டும். கோபுரம் எவ்வளவு உயரமாயினும் அதன் பாரத்தைத் தாங்குவது அடித்தளமே. அந்த அடித்தளத்தை இட்டவர் யார் என்பதைக் கூறும் சுவர்கள் நகரத்திலும் தோட்டத்திலும் ஒருங்கே நிலைத்திருத்தல் வேண்டும்.