நிலவுக்குக் காத்திருந்த வாள்

மாரத்தான் என்றதும் மனக்கண்முன் எழுவது ஒரே காட்சி. களத்திலிருந்து ஓடி வருகிறான் ஒரு வீரன்; ஏதென்ஸ் நகருள் நுழைகிறான்; வென்றோம் என்கிறான்; வீழ்கிறான்; உயிர் பிரிகிறது. 1879-இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் அதனைப் பாட்டாக்கினார். 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் விழாவில் அது பந்தயமாயிற்று. கதை அழகியதுதான். அழகியதெல்லாம் உண்மையாகிவிடுமா?

போர் நடந்தது கி.மு. 490-இல். அந்நூற்றாண்டிலேயே அதன் வரலாற்றை வரைந்தவர் ஹெரோடோட்டஸ். அவர் நூலில் இந்தச் சாவோட்டம் இல்லை! வென்ற படை முழுவதுமே, பாரசீகக் கப்பல்கள் வந்து தாக்குமுன் நகரைக் காத்திட விரைந்து திரும்பியது என்றே அவர் கூறுகிறார். செத்து விழும் தூதனை, ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் கழித்துப் புளூட்டார்க்கின் எழுத்தில்தான் காண்கிறோம். அங்கும் அவன் பெயர் வேறு.

ஹெரோடோட்டஸ் காட்டும் பைடிப்பிடீஸ் ஓடியது போருக்கு முன். ஓடிய இடம் ஸ்பார்ட்டா. ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவு; புறப்பட்ட மறுநாளே சேர்ந்தான் என்கிறார். நம்பத்தகுமா? 1982-இல் ஆங்கில விமானப் படையினர் சிலர் ஓடியே பார்த்தனர். இரண்டு நாளுக்குள் முடியும் என்று மெய்ப்பித்தனர்.

ஓடியவன் கேட்டது உதவி. பெற்றது என்ன? மாதத்தின் ஒன்பதாம் நாள் இது, நிலவு நிறையவில்லை, நிறையுமுன் படை நகர்த்தல் எம் முறையன்று என்றனர் ஸ்பார்ட்டர்! பகைவன் வாயிலில் நிற்கிறான். வாளோ வானத்தைப் பார்த்து நிற்கிறது! முழுநிலவுக்குப் பின் 2000 பேர் வந்தனர். வந்து என்ன செய்தனர்? பிணங்களைப் பார்த்தனர், வென்றோரைப் புகழ்ந்தனர், வீடு திரும்பினர். அதற்குள், சின்னஞ்சிறு பிளாட்டீயா மட்டும் துணைநிற்க, 192 உயிர்களை ஈந்து ஏதென்ஸ் வென்றுவிட்டது. நிலவைக் காட்டியது பக்தியோ சாக்கோ, நாமறியோம். பக்தியாயின் பேதைமை; சாக்காயின், பேதைமை எத்துணை நல்ல கேடயம் என்பதற்குச் சான்று!

மற்றொன்றும் உண்டு. வழியில் பான் என்னும் தேவன் தோன்றி, ஏதென்சுக்கு நன்மை செய்வேன் என்றானாம். வெற்றிக்குப்பின் அத்தேவனுக்குக் கோயில் எழுந்தது, ஆண்டுதோறும் பலி, தீப்பந்த ஓட்டம்! ஓடியவன் மனிதன், ஓட்டவிழாவோ தேவனுக்கு!

பிரௌனிங் இவற்றை அறியாதவரல்லர். நிலவையும் பாடினார்; பானையும் பாடினார்; ஸ்பார்ட்டாவைச் சினந்தும் பாடினார். ஆயினும், இருவேறு ஓட்டங்களை ஒருவன் கால்களில் ஏற்றி, இறுதியில் சாவுக்கே முடிசூட்டினார். அவர் திறனைப் போற்றுகிறோம், அம்முடிவை ஏற்கோம். ஒருவன் சாவின் ஒளியில் கண்கூசி, 192 பேரை மறக்கிறோம். கேட்ட உதவி கிட்டாத காரணத்தையும் மறக்கிறோம்.

மாணவர் முன் நின்று இக்கதையைச் சொல்லும் நாம் எதைச் சொல்வோம்? நாட்டுக்காகச் செத்து விழு என்றா? வேண்டாம். ஓடினான், உண்மையை உரைத்தான், உதவி கேட்டான். நாள் பார்த்தோர் பின்தங்கினர், நாள் பாராதோர் நாட்டைக் காத்தனர் என்போம். சாவைவிடச் சிறந்த பாடம் அது. வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுவே.